எம்.ஆர்.ஐ. நார்மல்னு வந்தால் பெட் எடுக்கலாமா? ஆட்டோஇம்யூன் என்செஃபலைட்டிஸில் எந்த ஸ்கேன் எதற்கு

"ஆட்டோஇம்யூன் என்செஃபலைட்டிஸா இருக்கலாம்னு டாக்டர் சொல்றார், ஆனா எம்.ஆர்.ஐ. நார்மல்னு வந்திருக்கு, பெட் ஸ்கேன் எடுக்கலாமா வேண்டாமா?" ஸ்கேன் படித்து ரிப்போர்ட் எழுதுவது என் தொழில் என்பதால் இந்தக் கேள்வி தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரிடமிருந்தும் வருகிறது. ஃபோனில் ரெண்டு நிமிஷத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை, அதனால் எழுதியே விடுகிறேன்.

நோயைப் பற்றி முதலில் நாலு வரி. உடம்பின் எதிர்ப்பு சக்தி கிருமியை விட்டுவிட்டுச் சொந்த மூளையையே தாக்க ஆரம்பிக்கிறது. சில நாட்களில், கூடிப்போனால் மூன்று மாதத்துக்குள், ஆள் மாறிப்போகிறார். காலையில் சொன்னது மதியம் மறக்கிறது, தூக்கம் போகிறது, யாரோ கொல்ல வருகிறார்கள் என்று பயப்படுகிறார், அப்புறம் ஃபிட்ஸ். மந்திரிக்கக் கூட்டிப்போகிறவர்கள் உண்டு, நேராக மனநல மருத்துவரிடம் போகிறவர்கள் உண்டு, இரண்டிலும் நாட்கள் ஓடிவிடும். இந்தக் குடும்பத்தில் அதிகம் பேசப்படுவது ஆன்டி-என்.எம்.டி.ஏ.ஆர். என்செஃபலைட்டிஸ், அதாவது மூளை செல்களில் உள்ள என்.எம்.டி.ஏ. என்கிற ஏற்பியைத் தாக்கும் வகை. சினைப்பைக் கட்டியோடு வந்த பெண்களிடம் இதன் ஆன்டிபாடியை (தாக்குதல் நடத்தும் எதிர்ப்புப் புரதத்தை) நரம்பியல் மருத்துவர் ஜோசப் டல்மாவும் அவருடைய குழுவும் 2007இல் அடையாளம் காட்டினார்கள். அதற்கு முன்னால் இப்படி வந்தவர்களுக்கு என்ன பெயர் எழுதி அனுப்பியிருப்பார்கள் என்று நினைத்தாலே கஷ்டமாக இருக்கிறது. (பெர்லின் மிருகக்காட்சிச் சாலையில் 2011இல் எல்லார் கண்முன்னாலும் தண்ணீரில் விழுந்து செத்துப்போன க்னூட் என்கிற பனிக்கரடிக்கும் இதே நோய்தான் என்று 2015இல் கண்டுபிடித்தார்கள். மனிதர்களுக்கு மட்டும் வருவதில்லை.)

சரி, ஸ்கேனுக்கு வருவோம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணம் பின்னால் வரும். ஒழுங்கான முறையில் எடுத்த ஒரு எம்.ஆர்.ஐ. கட்டாயம் வேண்டும். அது நார்மல் என்று வந்தால் அடுத்த காசு முதுகில் நீர் எடுக்கும் பரிசோதனைக்கும் இ.இ.ஜி.க்கும் (மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்வது) போகவேண்டும், பெட் (மூளை எங்கே எவ்வளவு சர்க்கரை எரிக்கிறது என்று காட்டும் ஸ்கேன்) அதற்குப் பிறகு. எந்த ஸ்கேனுக்காகவும் சிகிச்சை காத்திருக்கக் கூடாது.

சி.டி.யைச் சீக்கிரம் முடித்துவிடலாம். இந்த நோயில் சி.டி. பெரும்பாலும் நார்மலாகத்தான் இருக்கும். அவசரப் பிரிவில் அதை எடுப்பது ரத்தக்கசிவு, பெரிய கட்டி, மூளையில் நீர் தேங்குவது இதெல்லாம் இல்லை என்று பார்த்துக்கொள்ளவும், முதுகில் ஊசி போடுவது பாதுகாப்பா என்று தெரிந்துகொள்ளவும்தான். சில நிமிஷத்தில் முடிந்துவிடும், செலவும் குறைவு. ஆனால் "சி.டி. எடுத்தோம், மூளையில ஒண்ணும் இல்லை, மனசுலதான் பிரச்சினை" என்று யாராவது முடிவு கட்டினால் அங்கேயே நிறுத்திக் கேள்வி கேளுங்கள்.

எம்.ஆர்.ஐ.தான் பெரிய விஷயம். எம்.ஆர்.ஐ. என்று ஒரே பெயரில் சொல்கிறோமே தவிர, அதற்குள் நிறைய வகை இருக்கிறது. "எம்.ஆர்.ஐ. பிரெய்ன், நினைவு சரியில்லை" என்று மட்டும் எழுதிய சீட்டு வந்தால், கூட்டமான நாளில் டெக்னீஷியன் பக்கவாதம் பார்க்கிற மாதிரி ஒரு வேகமான வரிசையை ஓட்டி, ஐந்து மில்லிமீட்டர் தடிமனில் குறுக்குவெட்டாக எடுத்து அனுப்பிவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது, கேட்டதைத்தான் கொடுத்தார். நமக்குப் பார்க்கவேண்டியது நினைவைப் பதிக்கிற ஹிப்போகேம்பஸ், மூளையின் பக்கவாட்டில் உள்ள டெம்போரல் மடலின் உள்விளிம்பில், காதுக்கு நேர் உள்ளே, முன்னும் பின்னுமாக நீண்டு படுத்திருக்கிற சின்ன உறுப்பு. அதற்குச் செங்குத்தாக, மெல்லிசாக வெட்டின கொரோனல் (முகத்துக்கு இணையான வெட்டு) ஃப்ளேர் (நீரை மறைத்து அழற்சியைக் காட்டும் எம்.ஆர்.ஐ. வகை) படம் இல்லாவிட்டால் லேசான மாற்றம் கண்ணில் படாமலே போய்விடும். அதனால் சீட்டிலேயே "லிம்பிக் என்செஃபலைட்டிஸ் சந்தேகம், எபிலெப்சி புரோட்டோகால், காண்ட்ராஸ்டுடன்" என்று எழுதித் தரச் சொல்லி டாக்டரிடம் கேட்கலாம், தப்பில்லை. (லிம்பிக் என்றால் ஹிப்போகேம்பஸ் உள்ள நினைவு, உணர்ச்சிப் பகுதி; எபிலெப்சி புரோட்டோகால் என்றால் வலிப்புக்காரர்களுக்கு எடுக்கிற விரிவான வரிசை; காண்ட்ராஸ்ட் என்றால் படம் தெளிவாக ஊசியில் ஏற்றும் மருந்து.) அந்த ஒரு வரி 1.5 டெஸ்லா மெஷினா 3 டெஸ்லா மெஷினா (டெஸ்லா என்பது காந்தத்தின் பலம்) என்ற விவாதத்தைவிட அதிகம் உதவும். நோயாளி ஆடாமல் படுத்து எடுத்த 1.5 படம், அவர் புரண்டுகொண்டே இருக்கையில் எடுத்த 3 டெஸ்லா படத்தைவிட எவ்வளவோ மேல். நிதானம் இல்லாதவர் அரைமணி, முக்கால்மணி ஆடாமல் படுப்பது நடக்காத காரியம், மயக்க மருந்து டாக்டர் கூட இருக்கிற இடமாகப் பார்த்து எடுங்கள்.

படத்தில் என்ன தெரியும்? ஃப்ளேரில் மூளையைச் சுற்றியுள்ள நீர் கறுப்பாக அணைந்துவிடும், அழற்சி உள்ள இடம் சாம்பல் நிறத்துக்கு நடுவே வெளுப்பாக எழும்பும். இந்த நோயின் இன்னொரு வகையான எல்.ஜி.ஐ.1 ஆன்டிபாடி உள்ள ஒருவரின் கொரோனல் படத்தை நல்ல திரையில் பெரிதாக்கிப் பார்த்தால், ஹிப்போகேம்பஸின் உள்ளே சுருண்டிருக்கும் மெல்லிய கோடுகள் அழிந்துபோய், முழுசும் ஒரே வெளுப்பாக, கொஞ்சம் உப்பலாக இருக்கும். பக்கத்தில் இருக்கும் டெம்போரல் ஹார்ன் என்கிற நீர்ப்பிளவு நசுங்கி வெறும் கோடாகிவிடும். சில மாதம் கழித்து அதே ஆளுக்கு எடுத்தால் நேர்மாறு: ஹிப்போகேம்பஸ் வற்றிச் சுருங்கி, அந்தப் பிளவு அகலமாகத் திறந்திருக்கும். எல்.ஜி.ஐ.1 நோயாளிகளில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்கு டெம்போரல் உள்விளிம்பில் ஏதோ ஒரு மாற்றம் எம்.ஆர்.ஐ.யிலேயே தெரிகிறது. 2016இல் லான்செட் நியூராலஜி என்கிற மருத்துவ இதழில் வந்த நோயறியும் விதிகளின்படி, இரண்டு பக்கமும் இந்த இடத்தோடு நின்றுவிடும் வெளுப்பு இருந்து, நோயின் போக்கும் பொருந்தி, முதுகு நீரிலோ இ.இ.ஜி.யிலோ ஒரு துணை ஆதாரமும் கிடைத்து, மற்ற காரணங்களும் விலக்கப்பட்டால், ஆன்டிபாடி ரிசல்ட் வருவதற்கு முன்பே ஆட்டோஇம்யூன் லிம்பிக் என்செஃபலைட்டிஸ் என்று உறுதியாகச் சொல்லிவிடலாம். எம்.ஆர்.ஐ. இந்த அளவுக்கு உதவுவது முக்கியமாக இந்த வகையில்தான்.

என்.எம்.டி.ஏ.ஆர். வகையில் நிலைமை தலைகீழ். 577 நோயாளிகளை வைத்து 2013இல் வெளியான பெரிய ஆய்வில் எம்.ஆர்.ஐ.யில் கோளாறு தெரிந்தது 33 சதவீதம் பேருக்குத்தான். அதே ஆட்களிடம் முதுகு நீர் 79 சதவீதத்திலும் இ.இ.ஜி. 90 சதவீதத்திலும் நார்மலாக இல்லை. நியூயார்க் போஸ்ட் நிருபர் சூசன்னா கஹாலன் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 2009இல், 24 வயதில், அவருக்கு ஸ்கேன்கள் எல்லாம் நார்மல். டாக்டர் சுஹேல் நஜார் ஒரு காகிதத்தைக் கொடுத்துக் கடிகாரம் வரையச் சொன்னார், பன்னிரண்டு எண்களையும் அவர் வலது பாதியிலேயே குவித்து எழுதிவிட்டார். மெஷினில் தெரியாத கோளாறு அந்தக் காகிதத்தில் தெரிந்தது. எனவே இருபது வயதுப் பெண்ணுக்குத் திடீரென்று மனக்குழப்பம், வாய் கோணிக்கோணி அசைவது, ஃபிட்ஸ், பேச்சு நின்றுபோவது என்று வந்து, என் மேஜைக்கு வரும் எம்.ஆர்.ஐ. சுத்தமாக இருந்தால், நான் ரிப்போர்ட்டில் "நார்மல்" என்று எழுதிவிட்டு, அதன் கீழேயே "இது ஆட்டோஇம்யூன் என்செஃபலைட்டிஸை விலக்காது" என்று ஒரு வரி சேர்ப்பேன். முதல் பக்கத்தைப் படித்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக.

மற்ற ஆன்டிபாடி வகைகள் வேகமாக: காபா-ஏ என்றால் மூளைப் புறணியில் (வெளி அடுக்கில்) அங்கங்கே திட்டுத்திட்டாக வெளுப்பு. மாக் ஆன்டிபாடி என்றால் சிலருக்கு ஒரு பக்கப் புறணி மட்டும் வெளுத்து, கூடவே ஃபிட்ஸ். ஜி.எஃப்.ஏ.பி. என்றால் காண்ட்ராஸ்ட் போட்ட படத்தில் ரத்தநாளங்களை ஒட்டிக் கதிர் மாதிரி விரியும் கோடுகள், காண்ட்ராஸ்ட் போடாவிட்டால் இது தெரியவே தெரியாது. காண்ட்ராஸ்ட் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில், சிறுநீரகம் நன்றாக இருந்தால் போட்டுவிடுங்கள்.

எம்.ஆர்.ஐ. ஏமாற்றுகிற இடங்களையும் சொல்லவேண்டும். ஹெர்பிஸ் வைரஸால் வரும் என்செஃபலைட்டிஸும் அதே டெம்போரல் மடலைத்தான் பிடிக்கும். அது பெரும்பாலும் ஒரு பக்கம் தூக்கலாக இருக்கும், பக்கத்தில் உள்ள இன்சுலா என்கிற மடிப்பு வரை பரவும், டிஃப்யூஷன் (திசுவில் நீர் அசைவதைக் காட்டும் எம்.ஆர்.ஐ. வகை) படத்தில் பளிச்சென்று தெரியும், ரத்தக்கசிவும் வரலாம். ஆட்டோஇம்யூனில் ரத்தக்கசிவு வழக்கமில்லை, டிஃப்யூஷனும் அவ்வளவு பளிச்சென்று இருக்காது. ஆனால் படத்தை மட்டும் நம்பி ஹெர்பிஸ் இல்லை என்று சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது, முதுகு நீரில் வைரஸைத் தேடும் பி.சி.ஆர். ரிசல்ட் வரும்வரை அசைக்ளோவிர் என்கிற வைரஸ் மருந்து ஓடட்டும். அடுத்து, நீளமாக ஃபிட்ஸ் வந்து ஓய்ந்தவருக்கு ஹிப்போகேம்பஸ் அதனாலேயே வீங்கி வெளுத்துத் தெரியும், சில வாரத்தில் தானாகச் சரியாகும். ஒரு பக்கம் மட்டும் வெளுப்பாக இருந்தால் க்ளையோமா என்கிற கட்டியையும் நினைக்கவேண்டும். நம் ஊரில் இன்னும் இரண்டு பேர் வரிசையில் நிற்கிறார்கள். 1955இல் வேலூர்ப் பக்கம் இந்தியாவிலேயே முதலாவதாக அடையாளம் காணப்பட்ட ஜப்பானிய மூளைக்காய்ச்சல் மூளையின் நடுவில் உள்ள தலாமஸை இரண்டு பக்கமும் பிடிக்கும், டி.பி. மூளையின் அடிப்பரப்பில் உறைகளைத் தடிக்கவைத்து நீரைத் தேக்கும். இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவதில் எம்.ஆர்.ஐ. அளவுக்குப் பெட் உதவாது. அதனாலேயே நான் பெட்டை எம்.ஆர்.ஐ.க்கு மாற்றாக வைக்க மாட்டேன்.

கடைசியாக ஒன்று, ஹிப்போகேம்பஸ் ஃப்ளேரில் மற்ற புறணியைவிட இயல்பாகவே ஒரு பிடி வெளுப்பாகத்தான் இருக்கும். 3 டெஸ்லாவில் இன்னும் கூட. இதைப் பார்த்து "லேசான வெளுப்பு, என்செஃபலைட்டிஸ் இருக்கலாம்" என்று எழுதிவிட்டால், மன அழுத்தத்தில் மறதி வந்தவருக்கு ஸ்டீராய்டு ஏறிவிடும். ஆட்டோஇம்யூன் என்செஃபலைட்டிஸ் என்று தவறாக முத்திரை குத்தப்பட்ட 107 பேரைப் பற்றி 2023இல் ஒரு ஆய்வு வந்தது. அதில் பலருக்கு இருந்தது செயல்சார் நரம்புக் கோளாறு, மறதி நோய்கள், மனநோய் ஆகியவைதான். நோயைத் தவறவிடுவது ஒரு ஆபத்து, இல்லாத நோயைப் பார்ப்பது இன்னொன்று.

இப்போது பெட். எம்.ஆர்.ஐ. மூளையின் அமைப்பைக் காட்டுகிறது, எஃப்.டி.ஜி. (கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரை) ஊசி போட்டு எடுக்கும் பெட் எந்தப் பகுதி எவ்வளவு சர்க்கரை எரிக்கிறது என்று காட்டுகிறது. கட்டடம் இடியாமலே கரண்ட் போய்விடலாம் இல்லையா, அந்த நிலையைப் பெட்தான் பிடிக்கும். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு 2017இல் வெளியிட்ட 61 பேர் ஆய்வில் 85 சதவீதம் பேருக்குப் பெட் மாறுபட்டிருந்தது, எம்.ஆர்.ஐ.யைவிட நன்றாகவே அதிகம். என்.எம்.டி.ஏ.ஆர். நோயாளிக்குப் பின்மண்டைப் பகுதி, அதாவது பார்வைப் புறணி, நிறம் மங்கி, முன்பக்கம் அதைவிடத் தூக்கலாக எரிவது ஒரு பழகிய காட்சி. நல்ல நிலையில் உள்ள ஆளுக்குப் பார்வைப் புறணி பளிச்சென்று இருக்கவேண்டும் என்பதால் அந்த மங்கல் சட்டென்று கண்ணில் அறையும். எல்.ஜி.ஐ.1 இல் டெம்போரல் உள்விளிம்பும், மூளையின் ஆழத்தில் அசைவுகளைக் கவனிக்கிற பேசல் கேங்க்லியாவும் கொதிக்கும் (சர்க்கரையை அதிகம் எரிக்கும்), சில நேரம் எம்.ஆர்.ஐ. அமைதியாக இருக்கும்போதே.

ஆனால் பெட்டின் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். "மாறுபட்டிருக்கிறது" என்பதும் "இந்த நோய்தான்" என்பதும் வேறு வேறு. ஒரு பகுதி மங்கலாக இருப்பதற்கு அல்சைமர் காரணமாகலாம், மருந்து காரணமாகலாம், நேற்று வந்த ஃபிட்ஸ் காரணமாகலாம். ஃபிட்ஸ் நடந்துகொண்டிருக்கும்போது எடுத்தால் அந்த இடம் கொதிப்பாகத் தெரியும், முடிந்தபின் எடுத்தால் மங்கிக் காட்டும். பென்சோடயஸெபின், புரோபோஃபால் மாதிரி மயக்க மருந்துகள் புறணி முழுவதையும் மங்க வைக்கும். நான்கிலிருந்து ஆறு மணிநேரம் வெறும் வயிறு, ரத்தச் சர்க்கரை கட்டுக்குள், ஊசி போட்டபின் வெளிச்சம் குறைத்த அறையில் அரைமணி பேசாமல் படுத்திருப்பது, அப்புறம் ஸ்கேன், இதுதான் வழக்கம். அந்த அரைமணியில்தான் சர்க்கரை மூளைக்குள் போய் உட்காருகிறது. ஃபோனைப் பார்த்துக்கொண்டோ, கூட வந்தவரிடம் சண்டை போட்டுக்கொண்டோ இருந்தால் படம் அதையும் சேர்த்துத்தான் காட்டும். கத்திப் புரளும் நோயாளிக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று சொல்ல வேண்டியதில்லை. மயக்கம் கொடுத்தே தீரவேண்டும் என்றால் ஊசி போட்டு அரைமணி கழித்துக் கொடுப்பது உத்தமம். பெட்டை புக் பண்ணும்போதே அந்த மையத்தில் மூளைப் பெட் வழக்கமாகப் படிக்கிறார்களா, புற்றுநோய் மட்டும்தானா என்று கேட்டுவிடுங்கள். பல இடங்களில் பெட் என்றாலே கேன்சர்தான், தலையை ஓரமாகப் பார்த்துவிட்டு விடுவார்கள்.

அப்புறம் செலவு, தூரம். எஃப்.டி.ஜி.யின் அரை ஆயுள் 110 நிமிஷம், தயாரித்த இடத்திலிருந்து வண்டியில் வரவர பாதியாகிக் கொண்டே இருக்கும். அதனால்தான் இந்த வசதி பெரிய ஊர்களைச் சுற்றியே இருக்கிறது. மோசமான நிலையில் உள்ள நோயாளியை ஆம்புலன்ஸில் இன்னொரு ஊருக்குக் கொண்டுபோய்ப் பெட் எடுத்துத் திரும்புவதற்கு ஆகும் காசிலும் நாளிலும் முதுகு நீர் ஆன்டிபாடி பரிசோதனையை முடித்து, ஸ்டீராய்டும் ஐ.வி.ஐ.ஜி.யும் (நரம்பில் ஏற்றும் எதிர்ப்புப் புரதம்) தொடங்கியே விடலாம். ஆன்டிபாடிக்கு ரத்தம் மட்டும் அனுப்பாமல் முதுகு நீரையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள், என்.எம்.டி.ஏ.ஆர். விஷயத்தில் நீரில்தான் நம்பகம் அதிகம்.

அப்படியானால் பெட்டை எப்போது எடுக்கலாம்? நோய் பற்றிய சந்தேகம் பலமாக இருந்து, எம்.ஆர்.ஐ. நார்மலாகி, முதுகு நீரும் இ.இ.ஜி.யும் இப்படியும் அப்படியும் சொல்லி, ஆன்டிபாடியும் நெகடிவ் என்று வந்து, சிகிச்சை கொடுப்பதா நிறுத்துவதா என்று டாக்டர் தடுமாறும்போது. 2016 விதிகளும் லிம்பிக் வகையில் எம்.ஆர்.ஐ.க்குப் பதிலாகப் பெட்டை ஏற்றுக்கொள்கின்றன. இன்னொரு சந்தர்ப்பம், அறுபது வயதுக்காரர் ஒருவருக்கு ஒரு பக்கக் கையும் முகமும் கண நேரத்துக்கு வெட்டி இழுக்கிறது, ஒரு நாளில் பத்து இருபது தடவை, ரத்தத்தில் சோடியம் குறைவு, ஆனால் எம்.ஆர்.ஐ. தெளிவாக இல்லை. இது எல்.ஜி.ஐ.1இன் கையெழுத்து. அங்கே பேசல் கேங்க்லியாவின் கொதிப்பு பெட்டில் தெரிந்தால் பேச்சு முடிந்தது. ஆனாலும் அவருக்கும் பெட் அப்பாயின்ட்மென்டுக்காக ஸ்டீராய்டைத் தள்ளிப்போட மாட்டேன், இந்த இழுப்பு ஃபிட்ஸ் மாத்திரைக்கு அடங்காமல் ஸ்டீராய்டுக்கு அடங்குவதுதான் வழக்கம், முன்னாலேயே பிடித்தால் நினைவாற்றலும் தப்பிக்க வாய்ப்பிருக்கிறது.

பெட் வேண்டாம் என்றால் பத்து நாள் கழித்து இன்னொரு எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா என்று கேட்பார்கள். முதல் படம் ஆரம்ப நாட்களில் எடுத்தது என்றால், அல்லது தடிமனான குறுக்குவெட்டு மட்டும்தான் என்றால், தாராளமாக. பெட்டைவிட அதற்குத்தான் நான் முதலில் சொல்வேன்.

உடம்பில் ஒளிந்திருக்கும் கட்டியைத் தேடுவது தனி விஷயம், இங்கேதான் காசு அதிகம் வீணாகிறது. "முழு உடம்பு பெட் எடுத்தாச்சு, ஒண்ணும் இல்லை" என்று நிம்மதியடைகிறார்கள். இளம்பெண்ணின் சினைப்பை டெரட்டோமா முடியும் கொழுப்புமாகச் சர்க்கரையை அதிகம் எரிக்காத கட்டி, பெட்டில் மங்கலாகக் கடந்துபோய்விடும். அதற்கு அடிவயிற்று அல்ட்ராசவுண்டும், சந்தேகம் இருந்தால் இடுப்பு எம்.ஆர்.ஐ.யும்தான் சரி. இளைஞருக்கு மா2 (Ma2) ஆன்டிபாடி வகை என்றால் விரைப்பை அல்ட்ராசவுண்ட், அதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம். காபா-பி ஆன்டிபாடி வந்த, புகை பிடிக்கிற பெரியவருக்கு நெஞ்சு சி.டி., அதில் ஒன்றும் தெரியாவிட்டால் அப்போது முழு உடம்பு பெட், ஏனென்றால் அங்கே தேடுவது நுரையீரலின் ஸ்மால் செல் புற்றுநோயை, அது பெட்டில் நன்றாக எரியும். பெட்டே எடுக்கிறோம் என்றால் தலையையும் சேர்த்து முறையாக எடுத்துவிடச் சொல்லுங்கள், ஒரே ஊசியில் இரண்டு வேலை.

எந்த ஸ்கேன் எடுத்தாலும் ஃபிலிமை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள், படங்களைப் பதிந்த டிஸ்க்கையோ பென்டிரைவையோ கேட்டு வாங்குங்கள். ஃபிலிமில் இருபது முப்பது படத்தை ஸ்டாம்ப் அளவுக்குச் சுருக்கி அடித்திருப்பார்கள், அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஹிப்போகேம்பஸைப் படிக்க யாராலும் முடியாது. இரண்டாவது கருத்து கேட்கும்போதும், ஆறு மாதம் கழித்துச் சுருக்கம் வந்திருக்கிறதா என்று ஒப்பிடும்போதும் மூலப் படம் இருந்தால்தான் ஆகும், அந்த இரண்டாவது ஸ்கேனையும் கூடுமானால் அதே மெஷினில், அதே வரிசையில் எடுக்கச் சொல்லுங்கள்.